புது சாஃப்ட்வேர் ஓடறதுக்காக பழைய விண்டோஸ் சிஸ்டத்துக்கு ஒட்டுப் போடறாங்களே, அது உள்ளுக்குள்ள எப்படிங்க வேலை செய்யுது?

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடுன்னு நம்ம பக்கம் எந்த தொழிற்பேட்டைக்குள்ள போனாலும் ஒரு எக்ஸ்பி சிஸ்டமோ விண்டோஸ் 7 சிஸ்டமோ கண்ணுல படாம திரும்பி வர முடியாதுங்க. எடைமேடை ரூம்ல பார்த்தா எடை காட்டற இண்டிகேட்டர்ல இருந்து ஒரு 9 பின் சீரியல் கேபிள் வந்து பழைய சிஸ்டத்துல சொருகியிருக்கும், பக்கத்துல டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் சீட்டு அடிச்சு தள்ளிட்டு இருக்கும். திருப்பூர்ல கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி போடறவங்க சிலபேர்கிட்ட டிசைன் போடற பஞ்சிங் சாஃப்ட்வேர், பழைய பேரலல் போர்ட்ல டாங்கிள்ங்கிற சாவி மாதிரி ஒரு பொருளை மாட்டினாத்தான் ஓடும், அந்த போர்ட் இருக்கிற சிஸ்டத்தை பத்திரமா வெச்சு காப்பாத்திட்டு இருப்பாங்க. "ஏனுங்க இன்னும் மாத்தலை"ன்னு கேட்டா "ஓடுதுல்லங்க, அப்புறம் எதுக்கு மாத்தோணும்"பாங்க.

நியாயந்தான். சாஃப்ட்வேர் தேயறதில்ல, 2009ல கூட்டுன கணக்கை அதே சிஸ்டம் இன்னிக்கும் அதே வேகத்துல கூட்டும். பஞ்சுத் தூசி ஃபேன்ல அடைச்சு சூடேறும், கெபாசிட்டர் உப்பும், ஹார்டுடிஸ்க் சத்தம் போடும், அதெல்லாம் சர்வீஸ்காரர் கையில சரியாகற சீக்கு. தலைவலி எப்ப ஆரம்பிக்குதுன்னா அந்த சிஸ்டம் வெளிய பேசவேண்டி வர்றப்பதான். 2017 ஜூலைல ஜிஎஸ்டி, 2018 ஏப்ரல்ல ஈவே பில்லுன்னு வந்துச்சு, எல்லாத்துக்கும் ஓரளவு புது ப்ரவுசர் வேணும், ஆனா குரோம் 49வது வெர்ஷனோட 2016லயே எக்ஸ்பியை கைவிட்டுருச்சு, 109வது வெர்ஷனோட 2023ல விண்டோஸ் 7ஐயும் விட்டுருச்சு, ஃபயர்ஃபாக்ஸ்ல எக்ஸ்பிக்கு 52 ஈஎஸ்ஆர்ங்கிற நீண்டநாள் சப்போர்ட்டு வெர்ஷன்தான் கடைசி.

சரி, அதுக்கும் மேல இருக்கிற வெர்ஷனை இழுத்து போட்டு டபுள் கிளிக் பண்ணா என்ன ஆகும்? ஒரு சின்ன பொட்டி வந்து, இன்ன பேருள்ள ப்ரொசீஜர் என்ட்ரி பாயிண்ட்டு கெர்னல்32.டிஎல்எல்-ல கிடைக்கலைன்னு இங்கிலீஷ்ல சொல்லும். நிறைய பேரு அதை படிக்காமயே ஓகே அடிச்சுட்டு "சிஸ்டம் பழசாயிருச்சு"ம்பாங்க. நான் சொல்றேன், விண்டோஸ்ல வர்ற மெசேஜ்லயே உருப்படியான மெசேஜ் அதுதான், என்ன குறையுதுன்னு பேரோட சொல்லீருது.

ஒரு இஎக்ஸ்இ ஃபைல்ங்கிறது தானா எல்லா வேலையும் செய்யறதில்லைங்க. ஃபைல் திறக்கோணும், மணி என்னன்னு பார்க்கோணும், மெமரி வாங்கோணும், எல்லாத்துக்கும் விண்டோஸோட டிஎல்எல் ஃபைல்கள்ல இருக்கிற ஃபங்ஷன்களைத்தான் கூப்பிடும். எந்தெந்த டிஎல்எல்-ல இருந்து எந்தெந்த ஃபங்ஷன் வேணும்னு இஎக்ஸ்இக்குள்ளேயே ஒரு இம்போர்ட் டேபிள் இருக்குது. டபுள் கிளிக் பண்ணதும் லோடர்னு விண்டோஸ்ல ஒரு பகுதி அந்த டேபிளை எடுத்து ஒவ்வொரு பேரா தேடி, அது மெமரியில எங்க இருக்குதுங்கிற அட்ரஸை எழுதி வெக்கும், அதுக்கப்புறம்தான் ப்ரோகிராமோட முதல் வரியே ஓடும். மளிகைக்கடைக்காரர்கிட்ட நோம்பிக்கு 200 சாமான் எழுதி சீட்டு குடுக்கறோம்னு வெச்சுக்கங்க, அதுல ஜாதிக்காய் மட்டும் கடையில இல்லைன்னா மத்த 199ஐயும் குடுக்க மாட்டேன்னு சீட்டை திருப்பி நீட்டற கடைக்காரர்தான் இந்த லோடர். அந்த ஜாதிக்காய் போடற பலகாரத்தை நீங்க சுடவே போறதில்லைன்னாலும் அவருக்கு அக்கறை இல்லை.

இதுல கொடுமை என்னன்னா நிறைய தடவை ப்ரோகிராம் எழுதுனவரு அந்த ஃபங்ஷனை கேட்டிருக்கவே மாட்டாரு, எழுதுன கோடை இஎக்ஸ்இயா மாத்தற கம்பைலரோ, அவரு எடுத்து சேர்த்த ரெடிமேட் கோடான லைப்ரரியோ அதா சேர்த்து விட்டிருக்கும். கோ மொழியில 1.20தான் விண்டோஸ் 7ல ஓடற கடைசி, 1.21ல இருந்து விண்டோஸ் 10 வேணும். ரஸ்ட் மொழியும் 2024ல 1.78 வெர்ஷன்ல இருந்து அதே மாதிரி விண்டோஸ் 10 வேணும்னுருச்சு, பைத்தான்ல 3.8தான் விண்டோஸ் 7க்கு கடைசி. ஒருத்தர் தன்னோட ப்ரோகிராம்ல ஒரு எழுத்தைக்கூட மாத்தாம புது கம்பைலர்ல மறுபடியும் பில்டு பண்ணா போதும், ஊருல இருக்கிற பழைய சிஸ்டமெல்லாம் ஒட்டுக்கா வெளிய போயிரும். இம்போர்ட் டேபிளுக்கும் முன்னாடி ஒரு சோதனை இருக்குது, இஎக்ஸ்இயோட தலைப்புல எந்த விண்டோஸ் வெர்ஷன் குறைஞ்சபட்சம் வேணும்னு ஒரு நம்பர் எழுதியிருக்கும், எக்ஸ்பி 5.1, விஸ்டா 6.0, விண்டோஸ் 7 6.1. அதுல 6.0ன்னு இருந்தா எக்ஸ்பி உள்ள என்ன இருக்குதுன்னுகூட பார்க்காது, இது சரியான வின்32 அப்ளிகேஷனே இல்லைன்னு சொல்லி முடிச்சுரும்.

இப்ப ஒட்டு போடறவங்க என்ன பண்றாங்கன்னு பார்க்கலாம். இல்லாத ஃபங்ஷனை அவங்களே எழுதறாங்க, அவ்வளவுதான் விசயம், ஆனா அந்த அவ்வளவுதானுக்குள்ள நிறைய இருக்குதுங்க.

சுலபமான ஒண்ணை எடுத்துக்கலாம். சிஸ்டம் ஆன் பண்ணி எத்தனை மில்லிசெகண்ட் ஆச்சுன்னு சொல்ற கெட்-டிக்-கவுண்ட்னு ஒரு ஃபங்ஷன் ஆதியில இருந்தே இருக்குது, அது 32 பிட் நம்பர், 49.7 நாள்ல நிரம்பி மறுபடியும் பூஜ்ஜியத்துக்கு வந்துரும். விண்டோஸ் 95ம் 98ம் சரியா அத்தனை நாள் விடாம ஓடினா தொங்கி போற கோளாறு இருந்துச்சு, அதுக்கு காரணமே இப்படி ஒரு கணக்கு நிரம்பறதுதான். விஸ்டால கெட்-டிக்-கவுண்ட்-64ன்னு பெரிய நம்பர் வந்துச்சு, எக்ஸ்பியில அது இல்லை. ஆனா எக்ஸ்பிக்குள்ள 100 நேனோசெகண்ட் கணக்குல ஒரு 64 பிட் கடிகாரம் எப்பவும் ஓடிட்டுத்தான் இருக்குது, அதை படிச்சு 10,000ஆல வகுத்து குடுத்தா முடிஞ்சுது. பத்து வரி கோடு.

அடுத்தது கொஞ்சம் அட்ஜஸ்ட்மெண்ட். விண்டோஸ் 8ல நேரத்தை மைக்ரோசெகண்ட் அளவு துல்லியமா சொல்ற ஃபங்ஷன் வந்துச்சு, விண்டோஸ் 7ல ஏகப்பட்ட ப்ரோகிராம் இந்த பேரைச் சொல்லித்தான் விழுகுது. ஒட்டு போடறவங்க அந்த பேருல ஒரு ஃபங்ஷன் வெச்சு உள்ள பழைய ஃபங்ஷனையே கூப்பிட்டு விட்டுருவாங்க, அதோட துல்லியம் சாதாரணமா 15.6 மில்லிசெகண்ட்தான். எடைச்சீட்டு அடிக்கிறதுக்கு அது எச்சாவே போதும், ஆனா நுணுக்கமா நேரம் அளக்கிற ப்ரோகிராம் கோணக்கணக்கு காட்டலாம்.

பயப்பட வேண்டியது மூணாவது வகைக்குத்தான். வேலையே செய்யாம "ஆச்சு, முடிஞ்சுது"ன்னு பதில் மட்டும் சொல்ற ஸ்டப். ப்ரோகிராம் திறந்துரும், நமக்கும் சந்தோசம். ஆனா விண்டோஸ் 10ல ப்ராசஸ்-பிஆர்என்ஜின்னு ரேண்டம் நம்பர் குடுக்கிற ஃபங்ஷன் இருக்குது, புது கோ, ரஸ்ட் ப்ரோகிராம்கள் எல்லாம் அதைத்தான் கேக்குது. அதுக்கு ஒருத்தர் வெறும் பூஜ்ஜியமா திருப்பி குடுக்கிற ஸ்டப் எழுதி வெச்சா, பேங்க் சைட்டுக்கு போடற என்க்ரிப்ஷன் சாவி எவன் வேணா யூகிக்கிற மாதிரி ஆயிரும், ஸ்கிரீன்ல பூட்டுப்படம் வழக்கம்போலவே இருக்கும். ஒழுங்கா பண்றவங்க எக்ஸ்பி காலத்துல இருந்தே இருக்கிற ஆர்டிஎல்-ஜென்-ரேண்டம்கிட்ட திருப்பி விடுவாங்க. இதனாலதான் சோர்ஸ் கோடு வெளிய இருக்கிற ஒட்டை மட்டும் போடுங்கன்னு நான் எப்பவும் சொல்றது. நம்ம படிக்கலைன்னாலும் யாராச்சும் படிச்சிருப்பாங்க.

இந்த ஒட்டுகளை எங்க வெக்கிறாங்கங்கிறதுலயும் வித்தியாசம் இருக்குது. விண்டோஸ் 98, எம்இக்கு வந்த கெர்னல்இஎக்ஸ், எக்ஸ்பிக்கு வந்த ஒன்-கோர்-ஏபிஐ இதெல்லாம் விண்டோஸையே நீட்டறது, எல்லா ப்ரோகிராமுக்கும் பலன் கிடைக்கும், ஆனா சிஸ்டம் ஃபைலையே தொடறதால ஒண்ணு பிசகினா பூட்டே ஆகாம போகலாம். விண்டோஸ் 7க்கு வந்த விஎக்ஸ்கெக்ஸ் அப்படி இல்லை, இஎக்ஸ்இ மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல டிக் அடிச்சா அந்த ப்ரோகிராமுக்கு மட்டும் கெர்னல்32ஐ கேக்கற எடத்துல தன்னோட டிஎல்எல்-ஐ காட்டிரும், வேணும்னா இது விண்டோஸ் 10தான்னு பொய்யும் சொல்லிக்கும், மத்த எதையும் தொடாது. எனக்கு புடிச்சது இதுதான். இன்னொரு வழி ப்ரோகிராமோட சோர்ஸையே எடுத்து பழைய விண்டோஸுக்கு தகுந்த மாதிரி மறுபடியும் பில்டு பண்றது, குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தை அப்படி திருத்துனதுதான் சூப்பர்மியம்ங்கிற ப்ரவுசர், எக்ஸ்பி சர்வீஸ்பேக் 3லகூட ஓடும், ஃபயர்ஃபாக்ஸ் வழியில மைபால் இருக்குது.

ப்ரவுசர் திறந்தாச்சு, ஆனா பழைய மெயில் சாஃப்ட்வேர் மட்டும் கனெக்ட் ஆகலைங்கறாங்களா, அது வேற கதை. ஃபயர்ஃபாக்ஸ் வழியில வந்ததெல்லாம் என்க்ரிப்ஷன் கோடை தானே சுமந்துட்டு வரும், மத்த நிறைய சாஃப்ட்வேர் விண்டோஸோட கோடை நம்பித்தான் இருக்குது, எக்ஸ்பியில அது டிஎல்எஸ்ங்கிற என்க்ரிப்ஷன் முறையோட பழைய 1.0 வெர்ஷனோட நின்னுருச்சு. அதோட, சைட்டுகளுக்கு இது அசல்தான்னு சர்டிபிகேட் குடுக்கிற லெட்ஸ் என்க்ரிப்ட்டுக்கு பின்பலமா இருந்த ஒரு பழைய ரூட் (தாய்) சர்டிபிகேட் 2021 செப்டம்பர் 30ல காலாவதி ஆச்சு, புது ரூட் இல்லாத சிஸ்டத்துல அன்னைக்கு பொழுதோட பல சைட்டு திறக்காம போச்சு. இதுல எல்லாம் கை வெக்கறதுக்கு முன்னாடி மதர்போர்டுல இருக்கிற சிஆர்2032 பேட்டரியை பாருங்க, அது செத்து தேதி பின்னாடி போயிருந்தா எல்லா சர்டிபிகேட்டும் "இன்னும் ஆரம்பிக்கலை"ன்னுதான் சொல்லும். சல்லிசான வேலை, முதல்ல செய்யோணும்.

எக்ஸ்பிக்கு சப்போர்ட்டு 2014 ஏப்ரல் 8ல முடிஞ்சுது, ஆனா கடை பில் கவுண்டருக்குன்னே இருந்த பிஓஎஸ்-ரெடி 2009ங்கிற எடிஷனுக்கு 2019 ஏப்ரல் வரைக்கும் அப்டேட் வந்துச்சு. ரெண்டும் உள்ள ஒரே சரக்குங்கிறதால விண்டோஸோட செட்டிங்ஸ் இருக்கிற ரெஜிஸ்ட்ரில ஒரே ஒரு கீ போட்டு "நானும் பில் கவுண்டர்தான்"னு சொல்ல வெச்சாங்க, அஞ்சு வருசம் எச்சா ஓடுச்சு. டிஎல்எஸ் 1.2கூட அந்த வழியிலதான் எக்ஸ்பிக்கு வந்து சேர்ந்துச்சு. இப்ப அந்த பழைய அப்டேட்டுகளை எல்லாம் மறுபடியும் இறக்கி தர்றதுக்கு லெகசி அப்டேட்னு ஒரு திட்டம் இருக்குது.

ஒண்ணை மட்டும் குழப்பிக்க கூடாதுங்க. இல்லாத ஃபங்ஷனை சேர்க்கிறது வேற, இருக்கிற ஓட்டையை அடைக்கிறது வேற. 2017 மே மாசம் ஃபைலை எல்லாம் பூட்டி பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் வந்தப்ப அது உள்ள நுழைஞ்சது எஸ்எம்பி ஃபைல் ஷேரிங்ல இருந்த ஓட்டை வழியா, அதுக்கான அப்டேட் மார்ச்சுலயே வந்திருந்தும் போடாத விண்டோஸ் 7 சிஸ்டம்தான் அதிகமா மாட்டுச்சு, எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரமா ஒரு அப்டேட் விட்டாங்க. ஃபங்ஷன் சேர்க்கிற எந்த ஒட்டும் இந்த மாதிரி ஓட்டையை அடைக்காது. அதனால டாங்கிள் சிஸ்டம், எடைமேடை சிஸ்டம் ரெண்டையும் நெட்ல இருந்து பிடுங்கி விட்டுருங்க, டிசைனை பென்டிரைவ்ல கொண்டு போங்க, ஈவே பில்லுக்கு வேற சிஸ்டம் வைங்க. வெறும் நெட்டு பார்க்கிற சிஸ்டம்னா ஒட்டே வேண்டாம், லினக்ஸ் போட்டுருங்க. "சூப்பர் லைட் எக்ஸ்பி"ன்னு எவனோ சுருக்கி வெச்ச ஐஎஸ்ஓ இன்ஸ்டால் ஃபைலை மட்டும் தயவு செஞ்சு போடாதீங்க, எதை எடுத்தான்னு தெரிஞ்சாலும் எதை சேர்த்தான்னு தெரியாது.

டிஎல்எல் எழுதி சமாளிக்க முடியாத எடமும் இருக்குது, அது ப்ராசஸர். 2021ல வந்த குரோம் 89ல இருந்து எஸ்எஸ்இ3 கட்டளை கட்டாயம், பழைய பென்டியம் 4 சிலதுல அது சிலிக்கான்லயே கிடையாது. இப்ப விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ல சப்போர்ட்டு முடிஞ்சுருச்சு, வீட்டு சிஸ்டத்துக்கு எச்சா அப்டேட் திட்டத்துல சேர்ந்தா 2026 அக்டோபர் வரைக்கும் தள்ளலாம். விண்டோஸ் 11க்கு தாவலாம்னு பார்க்கிறவங்க டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் இல்லைன்னு தடுக்கிறதை, இன்ஸ்டால் பென்டிரைவ் தயார் பண்ற ரூஃபஸ்ங்கிற டூல்ல டிக் அடிச்சு தாண்டறாங்க, அது முடியும், ஏன்னா அது இன்ஸ்டாலர் கேக்கற ஒரு கேள்வி மட்டுந்தான். ஆனா 24எச்2 வெர்ஷன்ல இருந்து பாப்கவுண்ட்ங்கிற ப்ராசஸர் கட்டளையை விண்டோஸோட மையமான கெர்னலே நேரா பயன்படுத்துது, அது முதல் தலைமுறை ஐ3, ஐ5ல இருக்குது, கோர் 2 டுவோல இல்லை. அதனால பழைய ஐ5 வெச்சிருக்கிறவரு ரூஃபஸ்ல முயற்சி பண்ணி பார்க்கலாம், கோர் 2 டுவோக்காரரு விண்டோஸ் 10லயோ லினக்ஸ்லயோதான் இருக்கோணும்.