கொல்லையில் கிடைத்த சிலை, கூடத்தில் தொங்கும் படம்: சட்டம் என்ன சொல்கிறது?

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனவர்கள் ரிஷபவாகனரைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். தலையில் சடையைச் சுருட்டித் தலைப்பாகை மாதிரி கட்டி, பக்கத்தில் இல்லாத காளைமேல் கையை ஊன்றி நிற்பார். 1011-ஆம் ஆண்டுச் சிலை. திருவெண்காட்டில் மண்ணுக்குள் கிடந்து, 1950-களின் தொடக்கத்தில் வெளியே வந்தது. கலைக்கூடமே தொடங்கியது 1951-ல்தான்.

காவிரிப் படுகையில் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வளர்ந்தன. யாரோ வீடு கட்ட வாணம் தோண்டுவார், கடப்பாரை எதிலோ 'ணங்' என்று படும். நாகப்பட்டினத்தில் 1856 தொடங்கிப் பல பத்தாண்டுகளில் சுமார் 350 புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்று நாம் பார்க்கும் நாகப்பட்டினத்துப் புத்தர்கள் அவற்றைச் சேர்ந்தவர்கள். அந்த 'ணங்' சத்தத்துக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வது 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம்.

சட்டத்தின் பார்வையில், மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல்தான். தங்கமாக இருக்க வேண்டியதில்லை. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் போதும். 1878-ன் பத்து ரூபாய் அது. இன்றைக்கு ஒரு செப்புச் செம்புகூடத் தாண்டிவிடும். கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், தோராய மதிப்பு என்ன, எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது. பொருளைப் பக்கத்து அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் கேட்கும்போது கொண்டுவருவதாகப் பிணை கொடுக்க வேண்டும். நடைமுறையில் வி.ஏ.ஓ.வும் தாசில்தாரும்தான் முதலில் வந்து நிற்பார்கள். அவர்களிடம் வாயால் சொன்னதோடு விடாமல் எழுதிக் கொடுத்து, நகலில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஆட்சியர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோருபவர்கள் வர, நான்கு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மேற்படாமலும் ஒரு நாள் குறிக்கப்படும். இங்கேதான் முக்கியமான கேள்வி எழுகிறது: இதைப் புதைத்தது யார், எப்போது? நூறு ஆண்டுக்குள் தானோ தன் முன்னோரோ புதைத்தது என்று ஒருவர் வந்தால் வழக்குப் போட அவகாசம் உண்டு. அப்படி யாரும் வராவிட்டால் அது 'உரிமையாளர் இல்லாதது' என்று அறிவிக்கப்படலாம். நிலத்துக்காரருக்கும் கண்டெடுத்தவருக்கும் இடையே முன்பே ஒப்பந்தமோ தகராறோ இல்லையென்றால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. பட்டாக்காரருக்கே எல்லாம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் கூலியாளின் பக்கம் சாய்ந்திருக்கிறது. அரசு தானே எடுத்துக்கொள்ள விரும்பினால், மூலச் சட்டத்தின் வாசகப்படி, உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தர வேண்டும். சோழர் சிலைக்குப் பழைய செம்பு விலையா என்று கேட்டால், நியாயமான கேள்விதான்.

அந்தக் கணக்கு மக்களைச் சொல்லாமல் மறைக்கத் தூண்டுகிறது என்பதே என் எண்ணம். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் 1976-ல் மாட்டுக் கொட்டகைக்குத் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளிக்கு நடராஜர் கிடைத்தார். சொற்பப் பணத்துக்குக் கைமாறி, லண்டன் வரை போய், 1982-ல் ஒரு கனடா நிறுவனம் வாங்கி, லண்டன் நீதிமன்றங்களில் வழக்கு நடந்து, 1991-ல்தான் ஊர் திரும்பினார். அந்த வழக்கில் பத்தூர்க் கோயிலே ஒரு தரப்பாக நின்று உரிமை கேட்டது.

கோயில் வளாகத்தில் கிடைத்தால் சிக்கல் வேறு மாதிரி. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்குக்காக யாகசாலைக்குத் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரம் பொறித்த நூற்றுக்கணக்கான செப்பேடுகளும் வெளிவந்தன. கோயிலிலேயே இருக்கட்டும் என்ற குரல் உடனே எழுந்தது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் பாதுகாப்பு உண்டு, பூசை கிடையாது. இந்த இழுபறி இங்கே தீர்வதாக இல்லை.

இனி மண்ணுக்கு மேலே இருப்பவை. 1972-ல் இயற்றி 1976-ல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம், நூறு ஆண்டு நிறைந்த சிற்பத்தையும் ஓவியத்தையும் தொல்பொருள் என்கிறது. மதிப்புள்ள சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டு. எல்லை நிலையாக நிற்காது, ஆண்டுக்கு ஓர் ஆண்டு நகரும். 1927-ல் கும்பகோணத்தில் பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பூச்சின் மேல் தங்க ரேக்கு பதித்து வரைந்த ராமர் பட்டாபிஷேகம், 2027-ல் தொல்பொருள் ஆகிவிடும். யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

அப்போது அதைத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் புகைப்படத்தோடு பதிவு செய்ய வேண்டும். பதிந்தால் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் வேண்டாம். படம் உங்கள் கூடத்திலேயே இருக்கும். அரசு கையகப்படுத்த வழி உண்டு, இழப்பீடும் உண்டு, ஆனால் உண்மையாகவே வழிபாட்டில் இருக்கும் பொருளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. பூசையறைப் படத்துக்கு இதைவிடப் பெரிய காப்பு வேறில்லை. வெளிநாட்டுக்குத் தனியார் கொண்டுபோக முடியாது. "பழைய படம், பாத்திரம் எடுக்கிறோம்" என்று தெருவில் வருபவரிடம் தொல்பொருள் வியாபார உரிமம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள்.

நூறு ஆகாதவற்றுக்கும் ஒரு பிரிவு உண்டு: கலைக் கருவூலம். படைத்தவர் உயிரோடு இருக்கும்வரை அப்படி அறிவிக்க முடியாது. இதுவரை ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. ரவிவர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், தாகூர் குடும்பத்து மூவர் எல்லாம் உண்டு. தமிழ்நாட்டு ஓவியர் ஒருவர்கூட இல்லை. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து வந்த தலைமுறையை நினைத்தால் இது சற்று உறுத்துகிறது.

சுவாமிமலைக்குப் போய்ப் புதுச் சிலை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. காவிரி வண்டலில் அச்சு எடுத்து வார்த்த புது நடராஜர் சுங்கத்துறைக்குப் பழையவராகத் தெரியலாம். வெளிநாட்டுக்கு அனுப்புவதானால், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பதிவான பொருள் கைமாறினாலும் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது படத்தின் பதிவு எண்ணையும் அதில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.