மின்னூலா, மென்னூலா?

'மென்னூலைப் பதிவிறக்குக' என்ற பொத்தான் இப்போது எங்கே பார்த்தாலும் தென்படுகிறது. மென்னூல், மென்நூல், மென்புத்தகம் என்று இ-புக்குக்கு ஆளுக்கொரு பெயர். மூன்றும் தவறு. மின்னூல்தான் சரி.

இ-புக்கின் 'இ', எலக்ட்ரானிக் என்பதன் முதலெழுத்து. மின்னஞ்சல், மின்னிதழ், மின்வணிகம் என்று அதற்கு 'மின்' போட்டுப் பழகிவிட்டோம். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தன்னை மின்தொகுப்புத் திட்டம் என்றே சொல்லிக்கொள்கிறது.

அப்புறம் இந்த 'மென்' எப்படி வந்தது? சாஃப்ட்வேர் மென்பொருள் ஆனது. அந்த வழியில் சாஃப்ட் காப்பி மென்பிரதி ஆனது. அதன் நிழலில் மென்னூலும் முளைத்துவிட்டது. ஆனால் மென்பொருள் என்பது கணினிக்குக் கட்டளையிடும் நிரல். ஒரு நாவலின் கோப்பு யாருக்கும் கட்டளையிடுவதில்லை. அதைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, விட்ட பக்கத்தை நினைவில் வைத்திருக்கும் செயலிதான் மென்பொருள். படிக்கும் கருவியின் அடைமொழியைத் தூக்கி நூலின் தலையில் வைப்பது என்ன நியாயம்? அதோடு, மென்னூல் என்றதும் தமிழ்க் காதுக்கு மெல்லிய இழைதான் நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் மெல்லிய அட்டை போட்ட அச்சுப் புத்தகம்.

'மின் என்றால் மின்சாரம், நூலுக்குள் மின்சாரமா ஓடுகிறது?' என்று கேட்கிறார்கள். அஞ்சலுக்குள் மட்டும் ஓடுகிறதா? மின்னஞ்சலை ஏற்றவர்கள் மின்னூலை மறுக்க வழியே இல்லை.

சரியான சொல்லை எடுத்தவர்களும் 'மின் நூல்' என்று பிரித்து எழுதிக் கெடுக்கிறார்கள். னகரத்தின் பின் வரும் நகரம் னகரமாகும். மின்னும் நூலும் சேர்ந்தால் மின்னூல். நன்னூலை 'நன் நூல்' என்று யாராவது எழுதுவார்களா?

எண்ணிம நூல் என்பாரோடு எனக்குச் சண்டை இல்லை. டிஜிட்டலுக்கு எண்ணிமம் பொருத்தமான சொல். எண்ணிம நூலகம் என்பது அழகாகவே இருக்கிறது. தனி நூலுக்கு மின்னூல் போதும், சுருக்கமாகவும் இருக்கிறது.

என் பெரிய வருத்தம் வேறு. பழைய புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, பிடிஎஃப் ஆக்கி, அதையும் மின்னூல் என்றே ஏற்றிவிடுகிறார்கள். கைப்பேசியில் திறந்தால் எழுத்து எறும்பளவு. பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் வலமும் இடமும் இழுக்க வேண்டும். ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் உள்ளே இருப்பது எழுத்தல்ல, எழுத்தின் படம். மின்னூலுக்கென்றே உள்ள இபப் (EPUB) வகைக் கோப்பிலோ எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கு ஏற்றபடி தாமே மடங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது வாசகரை ஏமாற்றுவது. படமாக இருப்பதை 'வருடிய படி', அதாவது ஸ்கேன் செய்த பிரதி, என்று பொத்தானிலேயே போட்டுவிட்டால், வேண்டியவர் மட்டும் இறக்கிக்கொள்வார்.