வடை போனது யாருக்கு?

பாட்டி சுட்ட வடையைக் காக்கா தூக்கிக்கொண்டு போகிறது. நரி பாடச் சொல்கிறது. வடை கீழே விழுகிறது. திருவாரூரிலோ பாபநாசத்திலோ, எந்தத் திண்ணையில் சொன்னாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். பாட்டியின் நஷ்டத்தை யாரும் விசாரிப்பதில்லை. தகராறு என்றால் ஒருவர் ஜெயிப்பார், ஒருவர் ஏமாறுவார்; அறிவு என்பது அடுத்தவரை ஏமாற்றும் சாமர்த்தியம். பிள்ளை மனதில் தங்குவது இதுதான். காக்கா வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடும் புது வடிவத்திலும் ஜெயிப்பவர்தான் மாறுகிறார், அச்சு மாறவில்லை.

இந்த அச்சை உளவியலில் ஸ்கீமா என்பார்கள். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படித்த ஆங்கிலேயர்கள் அதைத் திரும்பச் சொன்னபோது சீல் வேட்டை மீன்பிடிப்பாகிவிட்டதை, பிரிட்டிஷ் உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932இல் பதிவு செய்தார். புதுச் செய்தியையும் பழகிய அச்சில்தான் நினைவு வார்க்கிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், 'தலைமடைக்காரன் திருடிட்டான்' என்று சட்டென்று தோன்றுவதில் அந்த அச்சுக்கும் பங்கிருக்கிறது என்றே நினைக்கிறோம். வாய்க்கால் மண்மேடிட்டிருக்கலாம், ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்திருக்கலாம், மதகின் ஷட்டர் பழுதாகியிருக்கலாம். கதையில் நரிக்கு இடமுண்டு, வண்டலுக்கு இல்லை.

அச்சை மாற்ற, தப்பு செய்தால் தண்டனை என்று பயமுறுத்தும் கதை சொன்னாலும் அவ்வளவாகப் பலிப்பதில்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், பொம்மையை எட்டிப் பார்க்காதே என்று சொல்லி 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளைத் தனியே விட்டார்கள். பிறகு ஒரு கதை வாசித்துவிட்டு, பார்த்தாயா என்று கேட்டார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதையும், நம்மூர் 'புலி வருது' போன்ற ஓநாய்க் கதையும் பொய்யைக் குறைக்கவில்லை. மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்ட சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டனை (பின்னாளில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி) அப்பா மெச்சும் கதை குறைத்தது. அவன் பொய் சொல்லி அவதிப்பட்டதாக முடிவை மாற்றியதும் அந்தப் பலன் போய்விட்டது.

ஆகவே வடைக் கதை சொல்லும்போது, நரி பேச வாயெடுக்கும் இடத்தில் நிறுத்திப் பிள்ளையைக் கேளுங்கள். "நரிக்கு என்ன வேணும்? அது காக்காவுக்குத் தெரியுமா?" 3 வயதில் பெரும்பாலும் தடுமாறுவார்கள், தனக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது 4 வயதை ஒட்டித்தான் பிடிபடும். கேட்ட கையோடு பெரியவரே பதில் சொல்லிவிடுவதுதான் இதில் வழக்கமான தவறு. பத்து விநாடி பொறுங்கள். பிறகு பாட்டியிடம் திரும்புங்கள். உளுந்து ஊறப்போட்டு, அரைத்து, அடுப்பில் வெந்தவள் அவள். காக்கா அவளிடம் என்ன சொல்லி இன்னொரு வடை கேட்கும் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.