மகளிர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

போன குறுவை அறுப்பு சமயம், பக்கத்துத் தெருப் பெண்ணுக்குத் துணையாக ஒரு மகளிர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். காதுக்குக் கீழே அவருக்குக் கன்றிப் போயிருந்தது. காலையில் உட்கார்ந்தோம். சாயந்தரம் புருஷனை வரவழைத்து அறிவுரை சொல்லி, ‘சேர்ந்து வாழச் சம்மதம், மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். எங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மனு கொடுத்தால், அதை வாங்கிப் பதிவு செய்ததற்கு ஸ்டேஷன் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு கேட்க எஃப்.ஐ.ஆரும் வேண்டாம், விவாகரத்தும் வேண்டாம். ஸ்டேஷன் கைவிரித்தால் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நடந்ததை அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் வேலை, தயவு அல்ல. ‘மேடம் மீட்டிங்கில் இருக்காங்க, திங்கட்கிழமை வாங்க’ என்பார்கள். திங்கள் குறைதீர் நாள், கலெக்டர் ஆபீஸில் கால் வைக்க இடமிருக்காது. செவ்வாய் போங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அடித்தது ‘வாய்த்தகராறு’ ஆகியிருந்தால் திருத்தும்வரை எழுந்திருக்காதீர்கள்.

அங்கேயும் இழுத்தடித்தால் நேரே கோர்ட்தான். அந்த அறிக்கை இல்லாமலே மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் ஃபீஸ் கவலை வேண்டாம். பெண்களுக்கு இலவச சட்ட உதவிக்கு வருமான வரம்பே கிடையாது. வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ.விடம் அனுப்பினால் போகாதீர்கள்.

‘அடி விழுந்தது பாபநாசத்தில், அங்கேயே போ’ என்பது இன்னொரு கதை. திருத்துறைப்பூண்டியில் அம்மா வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் அங்குள்ள கோர்ட்டிலேயே மனு போடலாம். அப்புறம், ‘வீடு கோயில் மனை, ரசீது மாமனார் பேரில், உனக்கென்ன உரிமை?’ என்பார்கள். குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் யார் பெயரில் இருந்தாலும், சட்டப்படியான நடைமுறை இல்லாமல் உங்களைத் தெருவில் தள்ள முடியாது.

முதல் விசாரணை மூன்று நாளில், முடிவு 60 நாளில் என்று சட்டம் சொல்கிறது. நடப்பது வேறு. அதனால் மனுவோடு சேர்த்தே இடைக்கால உத்தரவும் கேளுங்கள். ராத்திரியில் அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஜி.எச். போய், அடித்தது யார் என்று டாக்டரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் ஓ.பி. சீட்டில் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தது’ என்று இருக்கிறது. சொன்னது கூடப் போன மாமியார்.