பொதுவுடைமை: சொல் விளக்கம்

கம்யூனிசத்துக்குத் தமிழில் நாம் வழங்கும் சொல் பொதுவுடைமை. கம்யூனிசம் என்ற சொல்லின் அடியில் இருப்பது ‘கொம்மூனிஸ்’ என்னும் லத்தீன் சொல்; பலருக்கும் பொதுவானது என்று பொருள். அதன் பின்பாதி கடமை, பணி, கொடை ஆகியவற்றைக் குறிக்கும் ‘மூனுஸ்’ என்ற சொல்லுக்கு உறவு. சொத்து என்ற பொருள் அந்த வேரில் இல்லை. 1840-களில் பிரெஞ்சில் அரசியல் சொல்லாகப் பரவியது. 1848-இல் மார்க்சும் எங்கெல்சும் எழுதிய அறிக்கை அதை உலகறியச் செய்தது.

கட்சிப் பெயராக அது நிலைபெற்றது ரஷ்யாவால். 1914-இல் ஐரோப்பாவின் சமூக ஜனநாயகக் கட்சிகள் பல, தத்தம் அரசுகளின் போருக்குத் துணைபோயின. சமூக ஜனநாயகம் என்ற பெயரே கறைபட்டுவிட்டது என்று வாதாடிய லெனின், 1918 மார்ச்சில் தம் கட்சியின் பெயரைக் கம்யூனிஸ்ட் கட்சி என்று மாற்றவைத்தார். தன்னோடு சேரும் கட்சிகளும் அப்பெயரையே சூட வேண்டும் என்று 1920-இல் மூன்றாம் அகிலம் என்ற உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பு நிபந்தனை விதித்தது.

1921-இல் தோன்றிய சீனக் கட்சியின் பெயரில் இருப்பது ‘கோங்சான்’. ‘கோங்’ என்றால் பொது; ‘சான்’ என்றால் சொத்து. ஜப்பானியர் அதே எழுத்துகளைக் ‘கியோசன்’ என்று படிக்கிறார்கள். நம் பொதுவுடைமையும் இதே வழியில் வந்ததுதான்: வேரைப் பார்க்காமல் கொள்கையைப் பார்த்து ஆக்கிய சொல். என் கணிப்பில் அதுவே சரி. தனியுடைமையை ஒழிப்பதுதான் தங்கள் கோட்பாட்டின் சாரம் என்று மார்க்ஸ், எங்கெல்ஸ் அறிக்கையே சொல்கிறதே!

ஒரு தெளிவு மட்டும் வேண்டும். உடைமை என்றதும் வீட்டுப் பாத்திரமும் கட்டிய சேலையும் பொதுவாகிவிடும் என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. இங்கே குறிப்பது நிலம், ஆலை, சுரங்கம் போன்ற உற்பத்திச் சாதனங்களை.

பாரதியார் ‘பாரத சமுதாயம்’ பாட்டில் பொதுவுடைமை என்ற சொல்லை ஆண்டிருக்கிறார். ஆனால் 1931-இல் பெரியாரின் ‘குடி அரசு’ மார்க்ஸ், எங்கெல்ஸ் அறிக்கையைத் தமிழில் வெளியிட்டபோது வைத்த தலைப்பு ‘சமதர்ம அறிக்கை’. இன்று சமதர்மம் சோசலிசத்துக்கு உரிய சொல்லாகிவிட்டது. இரண்டையும் கலந்து எழுதினால் குழப்பமே மிஞ்சும்.

‘பொதுவுடமை’ என்று எழுதுவது பிழை. உடை என்பதோடு ‘மை’ சேர்ந்து வருவது உடைமை. வள்ளுவரின் அன்புடைமை, ஊக்கமுடைமை போல. கொள்கையைப் பொதுவுடைமை என்றும், அதை ஏற்றவரைப் பொதுவுடைமையர் என்றும் தயங்காமல் எழுதலாம். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி போன்ற இயற்பெயர்களை மட்டும் அவர்கள் வைத்தபடியே விட்டுவிட வேண்டும்.