மூன்று பீம்கள் சந்திக்கும் மூலையில் என்ன கிடைக்கும்?

செயற்கைக்கோளிலிருந்து பல ரேடியோ கற்றைகளை, அதாவது பீம்களை, தரையை நோக்கி வீசும் பலபீம் ஆன்டெனாவின் வடிவமைப்பைச் சரிபார்க்க உட்கார்ந்தால் முதலில் என் முன்னால் விரிவது ஒரு வண்ணப் படம்தான். நாட்டின் மேல் தேன்கூடு போல பீமுக்கொரு வட்டம், நான்கு நிறங்கள், ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் கெயின் (ஆன்டெனா அந்தத் திசையில் சிக்னலைக் குவிக்கும் அளவு) எவ்வளவு என்று ஓர் எண். பார்க்க அழகாகத்தான் இருக்கும். நான் கேட்பது, மூன்று வட்டங்கள் சந்திக்கும் மூலையில் எவ்வளவு என்பதை. அங்கேயும் காசு கொடுத்து இணைப்பு வாங்கியவர் இருக்கிறாரே!

நிறம் என்றால் ஓர் அலைவரிசைத் துண்டும் ஒரு போலரைசேஷனும் (அலை அதிரும் விதம்) சேர்ந்த ஜோடி. இரண்டுக்கு இரண்டு, ஆக நான்கு. ஒரே நிறத்தைத் தள்ளித் தள்ளி வைத்துத் திரும்பப் பயன்படுத்துவதால்தான் கொள்ளளவு பெருகுகிறது. 2024 நவம்பரில் ஏவப்பட்ட இந்தியச் செயற்கைக்கோள் ஜிசாட்-என்2 வடகிழக்குக்கு 8 குறுகிய பீம், மற்ற பகுதிகளுக்கு 24 அகன்ற பீம் என 32 வைத்திருக்கிறது.

ஒரு கணக்கு போடுவோம். 20 கிகாஹெர்ட்ஸில் 2.5 மீட்டர் ரிஃப்ளெக்டர் (அலையைத் திருப்பிக் குவிக்கும் கிண்ணம்) தரும் பீமின் அகலம் சுமார் 0.42 டிகிரி. 36,000 கி.மீ. கீழே அது ஏறக்குறைய 260 கி.மீ. இப்போது செயற்கைக்கோள் வெறும் 0.05 டிகிரி திரும்பட்டும். பீமின் நடுவில் 0.2 டெசிபல்கூடக் குறையாது (3 டெசிபல் குறைந்தால் திறன் பாதி). திறன் நடுவில் இருப்பதில் பாதியாகும் விளிம்பிலோ சுமார் 1.6 டெசிபல் போய்விடும், ஏனென்றால் கெயின் வளைவு செங்குத்தாக இறங்குவது அங்கேதான்.

அப்புறம் குறுக்கீடு. சுற்றிலும் அதே நிறத்தில் ஆறு பீம்கள். ஒவ்வொன்றின் கசிவும் நம் பீமின் உச்சத்தைவிட 30 டெசிபல் கீழே என்றால் நிம்மதியாக இருக்கும். ஆறையும் கூட்டினால் அந்த இடைவெளி 22 ஆகச் சுருங்கிவிடும். மூலையில் நம் சிக்னலே 4 டெசிபல் இறங்கியிருக்கும், மிச்சம் 18. பவரைக் கூட்டினால் தீராதா என்பார்கள். எல்லா பீமிலும் கூட்டினால் குறுக்கீடும் அதே அளவு ஏறும்.

சமீபத்தில் ஓர் இளம் பொறியாளர், எடை மிச்சம் என்று எல்லா பீம்களையும் ஒரே ரிஃப்ளெக்டரில் அடக்கியிருந்தார். அடுத்தடுத்த பீம்களின் ஃபீட் ஹார்ன்கள் (ரிஃப்ளெக்டரை நோக்கி அலையை வீசும் கொம்புக் குழல்கள்) ஒன்றையொன்று இடிக்காமலிருக்க வாயைச் சிறிதாக்க வேண்டிவந்தது. வாய் சிறுத்தால் ஆற்றல் ரிஃப்ளெக்டரின் விளிம்பைத் தாண்டி வழியும், கெயின் குறையும். நிறத்துக்கொரு ரிஃப்ளெக்டர் என்று பிரித்தால் ஹார்ன்களுக்கு இடைவெளி கிடைக்கும். ஆனால் நான்கையும் ராக்கெட் மூக்குக்குள் மடித்து அடக்க வேண்டும். எடைப் பட்டியலோடு மூலை எண்களையும் போட்டு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.