புல் ரிக்வெஸ்ட்டைத் தானாக மெர்ஜ் செய்யவிடும் முன்

புல் ரிக்வெஸ்ட் (‘என் நிரல் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற கோரிக்கை) தேங்கிக் கிடப்பதற்கு எப்போதும் நிரல்தான் காரணம் என்றில்லை. லேபிள் இருக்காது, ரிவ்யூ செய்ய வேண்டியவருக்குத் தகவல் போயிருக்காது, அதற்குள் மெயின் கிளை முன்னேறியிருக்கும். இந்தச் சில்லறை வேலைகளை, குறித்த நிகழ்வு நடந்ததும் தானே ஓடும் கருவியான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸிடம் ஒப்படைப்பது நியாயம்தான். ஆனால் ஒரு லேபிள் ஒட்டுவதற்கே எழுதும் உரிமை வேண்டும். அந்த உரிமை வெளியாள் எழுதிய நிரலின் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் உண்மையான வேலை.

ஃபோர்க்கிலிருந்து (ரெப்போ எனும் நிரல் களஞ்சியத்தை ஒருவர் தன் கணக்கில் எடுத்த நகல்) வரும் புல் ரிக்வெஸ்ட்டுக்கு, வழக்கமான ‘புல் ரிக்வெஸ்ட்’ நிகழ்வில் படிக்கும் உரிமை மட்டும் உள்ள டோக்கன்தான் (அனுமதிச் சாவி) கிடைக்கும். சீக்ரெட்டுகள், அதாவது ரெப்போவில் சேமித்த கடவுச்சொற்களும் சாவிகளும், கிடைக்காது. அதனால் லேபிள் ஒட்டும் படி தோற்றுப்போகும். உடனே பலர் ‘புல் ரிக்வெஸ்ட் டார்கெட்’ நிகழ்வுக்கு மாற்றிவிடுகிறார்கள், லேபிளும் ஒட்டிக்கொள்கிறது. இந்த நிகழ்வோ மூல ரெப்போவின் சூழலில், சீக்ரெட்டுகளை எட்டும் தூரத்தில் ஓடுவது. மாறிய கோப்புகளின் பெயரைப் பார்த்து லேபிள் ஒட்டுவதோடு நின்றால் ஆபத்தில்லை. அதே வொர்க்ஃப்ளோவில் (தானாக ஓடும் படிகளின் தொகுப்பு) புல் ரிக்வெஸ்ட் அனுப்பியவருடைய கிளையைச் செக்அவுட் செய்து (இறக்கி), சார்பு நிரல்களை நிறுவும் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ ஓட்டினால் கதை வேறு. அவர் எழுதிவைத்த, நிறுவியதும் தானே ஓடும் போஸ்ட்இன்ஸ்டால் கட்டளை நம் டோக்கனோடு ஓடும். யாரும் மெர்ஜ் பட்டனைத் தொட வேண்டியதில்லை, புல் ரிக்வெஸ்ட்டைத் திறந்தாலே போதும்.

எனவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். பில்டும் டெஸ்ட்டும் உரிமையற்ற ‘புல் ரிக்வெஸ்ட்’ நிகழ்வில் ஓடட்டும். முடிவை ஆர்ட்டிஃபாக்ட்டாக (ஓட்டம் விட்டுச்செல்லும் கோப்பு) சேமித்து, முதல் ஓட்டம் முடிந்ததும் எழும் ‘வொர்க்ஃப்ளோ ரன்’ நிகழ்வில் ஓடும் இன்னொரு வொர்க்ஃப்ளோ அதைப் படித்துக் கமென்ட் போடட்டும். அந்த ஆர்ட்டிஃபாக்ட்டும் வெளியாள் தந்த தரவுதான். அதை நிரலாக ஓட்டக் கூடாது. புல் ரிக்வெஸ்ட்டின் தலைப்பும் கிளைப் பெயரும் அப்படியே. அவற்றை ஷெல் கட்டளைக்குள் நேராகச் செருகினால், ஷெல் தொடங்கும் முன்பே மதிப்பு உள்ளே போய்விடும். தலைப்பில் எழுதிய கட்டளை ஓடிவிடும். சூழல் மாறி (என்விரான்மென்ட் வேரியபிள்) வழியாக மட்டும் கொடுங்கள்.

வொர்க்ஃப்ளோவில் ‘பெர்மிஷன்ஸ்’ பகுதியை எழுதியே தீர வேண்டும். அதில் ஒன்றைக் குறிப்பிட்டால் குறிப்பிடாதவை அனைத்தும் பூஜ்யமாகிவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான். 2023 பிப்ரவரிக்கு முன் உருவான பழைய ரெப்போக்களில் டோக்கனின் இயல்புநிலை இன்னும் எழுதும் உரிமையாகவே இருக்கலாம். செட்டிங்ஸில் ஒருமுறை பாருங்கள்.

பிறர் எழுதிய ஆக்‌ஷனை டேக் பெயரால் (ஒரு பதிப்புக்கு ஒட்டிய பெயர்) அழைப்பது இன்னொரு ஓட்டை. டேக்கை எழுதியவரோ, அவர் கணக்கைப் பிடித்தவரோ நகர்த்திவிட முடியும். 2025 மார்ச்சில் ‘டிஜே-ஆக்‌ஷன்ஸ்’ தொகுப்பின் ‘சேஞ்ச்ட்-ஃபைல்ஸ்’ ஆக்‌ஷனுக்கு நடந்தது இதுதான். பழைய டேக்குகள் தீய கமிட் (பதிவான நிரல் மாற்றம்) ஒன்றுக்குத் திருப்பப்பட்டன. வொர்க்ஃப்ளோவை ஓட்டும் கணினியான ரன்னரின் நினைவகத்திலிருந்த சீக்ரெட்டுகள் பில்ட் லாகில் கொட்டின. 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. 40 எழுத்துள்ள முழுக் கமிட் ஹாஷைக் (அந்தக் கமிட்டின் மாறாத அடையாளம்) கொடுத்து அழைத்தவர்களுக்கு, டேக் எங்கே நகர்ந்தாலும் பழைய நிரலே ஓடும்.

சார்பு நிரல்களைப் புதுப்பிக்கும் டிபெண்டாபாட் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டுகளைத் தானாக மெர்ஜ் செய்ய நினைத்தால், பேட்ச் (சிறு திருத்தப்) பதிப்புகளோடு நிறுத்துவதே என் பரிந்துரை. ‘கூல்டவுன்’ அமைப்பில் சில நாள் தாமதமும் வையுங்கள். விஷம் கலந்த புதிய பதிப்பு பிடிபடுவதற்கு அந்த இடைவெளி உதவும். பாதுகாப்புத் திருத்தங்களை இது தடுக்காது. புல் ரிக்வெஸ்ட்டைத் திறந்தவர் டிபெண்டாபாட்தானா என்று பார்க்க ‘ஆக்டர்’ மதிப்பை நம்பாதீர்கள், அது கடைசியாக நிகழ்வைத் தூண்டியவரைத்தான் காட்டும். புல் ரிக்வெஸ்ட்டின் ‘யூசர்’ பெயரோடு ஒப்பிடுங்கள். கிளைப் பாதுகாப்பில் கட்டாயச் சோதனைகள் எதுவும் இல்லையென்றால் ‘ஆட்டோ மெர்ஜ்’ எதற்கும் காத்திருக்காது, டெஸ்ட் முடியும் முன்பே மெர்ஜ் ஆகிவிடும்.

நிரலை அழகுபடுத்தும் வொர்க்ஃப்ளோ ஒரு கமிட்டைத் தள்ளிய பிறகு, சோதனைகள் காத்திருப்பிலேயே நிற்பது அடிக்கடி வரும் குழப்பம். இயல்பான கிட்ஹப் டோக்கனால் தள்ளிய கமிட் வேறு வொர்க்ஃப்ளோக்களைத் தூண்டாது. முடிவில்லாச் சுழலைத் தவிர்க்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். குறைந்த உரிமைகளுள்ள கிட்ஹப் ஆப் ஒன்றின் டோக்கனால் தள்ளினால் சோதனைகள் ஓடும். மெர்ஜ் க்யூ (மெர்ஜுக்குக் காத்திருக்கும் வரிசை) வைத்திருப்பவர்கள் ‘மெர்ஜ் குரூப்’ நிகழ்வையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் க்யூவிலும் இதே முடக்கம்தான்.

பழைய புல் ரிக்வெஸ்ட்டுகளை மூடும் ‘ஸ்டேல்’ ஆக்‌ஷன் 60 நாள் அசைவில்லாவிட்டால் லேபிள் ஒட்டும், அதற்குப் பிறகு 7 நாளில் மூடிவிடும். இந்த இயல்பு அளவுகளை அப்படியே வைப்பது சரியல்ல. ரிவ்யூ செய்யாமல் விட்டது நாம் என்றால், முதன்முறையாகப் பங்களித்தவரின் உழைப்பை இயந்திரம் மூடுவது அநியாயம். ‘எழுதியவர் பதில் தர வேண்டும்’ என்ற லேபிள் ஒன்றை உருவாக்கி, அது உள்ளவற்றை மட்டும் தொடும்படி அமையுங்கள். ஒரு ஓட்டத்துக்கு 30 செயல்பாடுகள் என்பதே இயல்பு வரம்பு. பெரிய ரெப்போவில் அதைக் கூட்டாவிட்டால் ஒரே ஓட்டத்தில் பட்டியலின் கடைசி வரை அது போகாது.